மஞ்சள் வாளியில் இரண்டு மீன்

ட்ருகனினா,
மே மாதம் 3, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் றொகானுக்கு,

மடு மாதாவின் காவலில் நானும் அப்பாவும் இங்கே சுகம், டில்ஷா அக்காவும் சுஜீதன் அத்தானும் சுகம். நீயும் அந்த விண்ணிபெக் பனிக்குள் இருமல் தடிமன் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போன புதன்கிழமை நீ வட்சப்பில் எடுத்து, ஜூன் முதல் கிழமை தொடங்கி இருபது நாள் லீவு தருகிறார்களாம், அம்மா நான் வந்தா அப்பா என்னோட கதைப்பாரா, அதை மட்டும் சொல்லுங்கோ, டிக்கெட்டைப் போடுறன் என்று கேட்டாய் அல்லவா, அதற்கு நான் இங்கே நல்ல குளிர் தம்பி என்று பதில் சொன்னேன். அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அந்த நேரம் அப்பா குசினியில் எனக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார், நான் வேறு என்ன சொல்ல? வட்சப்பில் எழுதலாம் என்றால் அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன், அதனால் என் போனைத்தான் எந்த நேரமும் தடவிக்கொண்டிருப்பார். குரலில் பேசி அனுப்பலாம் என்றால் இந்தப் புது ஹவுசிங் எஸ்டேட் வீடுகளின் சுவர் கடதாசிக்குச் சமம். அதனால்தான் பேனையை எடுத்தேன். நிரூபா அன்ரி தங்கச்சி மகளின் கலியாணத்துக்காகச் செவ்வாய்க்கிழமை ரொறன்ரோ போகிறார், அங்கே முத்திரை ஒட்டி உனக்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஒரு கிலோ கறித்தூளும் கொடுத்துவிடப் பார்த்தேன், பெட்டியில் இடமில்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெட்டி முழுக்கச் சேலைதானே, பிறகு எங்கே இடம் இருக்கும்.

இங்கத்தைய புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா இப்போது கிழமையில் இரண்டு நாள்தான் வெயார்ஹவுசுக்குப் போகிறார், போர்க்லிப்ட் ஓட்டினது காணும், வீட்டில் இருங்கோ என்றால், வீட்டில இருந்து உன்ர முகத்தைப் பார்க்கவோ என்கிறார், அவருடைய வாய் உனக்குத் தெரியும்தானே. முழங்கால் நோ இருக்கிறது, கேட்டால் இல்லை என்பார், படியில் இறங்கும்போது முகத்தைப் பார்த்தால் தெரியும். அக்கா வேலை மாறிவிட்டாள், பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறாள், இப்போது யாரைக் கண்டாலும் முதலில் பல்லைத்தான் பார்க்கிறாள். நித்தியானந்தன் அங்கிள் வேலையை விட்டுவிட்டார், மல்கிரேவிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை அவ்வளவு தூரம் காரோட்டி வந்து அப்பாவோடு இருந்து தேத்தண்ணி குடித்து, ஒரு சண்டையும் பிடித்துவிட்டுப் போகிறார். பின்வளவில் நீ நட்டுவிட்டுப் போன தேசி இந்த வருடம்தான் காய்த்தது. சின்னக் காய்தான், ஆனால் நல்ல சாறு. ஒவ்வொன்றாகப் பிழியும்போதும் உன் நினைவு வருகிறது, கண் எரிகிறது, தேசிப்புளி பட்டுவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்வேன்.

சரி, சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில், நீ கேட்பதற்கு நாலு நாளைக்கு முன்னரே ஜேமிசன் ஆற்றங்கரையில் எனக்குக் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல முதல், நாலு வருடத்துக்கு முந்தின அந்தச் சித்திரை மாத அன்சாக் விடுமுறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்து மனதில் பூட்டி வைத்திருக்கிறாய், அப்பா தன் பக்கத்திலிருந்து பூட்டி வைத்திருக்கிறார், நான் இரண்டு பேருக்கும் நடுவில் காஸ் அடுப்பில் புட்டு அவித்துக்கொண்டு நின்றவள், எனக்குத்தான் முழுக்கத் தெரியும். நீ, அப்பா, நித்தி அங்கிள், அத்தான் நாலு பேருமாகப் பதினான்கு ட்ரவுட் மீன் பிடித்து ஒரே வாளிக்குள் போட்டு வைத்திருந்தீர்கள், வாளி அப்பாவின் காலடியில். ஆளுக்கு ஐந்துதான் சட்டம், நாலு பேருக்குப் பார்த்தால் பிழையே இல்லை. ஆனால் அந்த மீன்பிடி அதிகாரிப் பொம்பிளைப் பிள்ளை வந்து இது யாருடைய மீன் என்று கேட்டதும் அப்பா நெஞ்சில் கை வைத்து எல்லாம் மைன், தன்னுடையது என்று சொன்னாரே, அவ்வளவுதான், ஒரு ஆளுக்குப் பதினான்கு. நீ தண்ணீருக்குள்ளால் ஓடி வந்து, அவருக்கு நீங்கள் கேட்டது விளங்கவில்லை, அவருக்கு இங்கிலிஷ் விளங்காது என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாய். அப்பா விடவில்லை, எனக்கு விளங்குது, எல்லாம் மைன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பிள்ளை பாவம், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பாவின் பெயரில் தண்டத்தை எழுதியது.

தம்பி, அப்பா கேள்வி விளங்காமல் அப்படிச் சொல்லவில்லை. நீ இங்கே வளர்ந்த பிள்ளை, உனக்கு இது தெரிய நியாயம் இல்லை, எங்களுக்கும் சொல்லித்தரத் தோன்றவில்லை. பேசாலையில் உன் அப்பப்பா சம்மாட்டி, படகும் வலையும் அவருடையது. பத்துப் பேர் போய்ப் பிடித்தாலும் மீன் ஒரே குவியலாகத்தான் கிடக்கும், பங்கு பிரிக்கும் வரைக்கும் அது சம்மாட்டியின் மீன். கரையில் யார் வந்து என்ன கேட்டாலும் சம்மாட்டிதான் முன்னுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும், அடி விழுந்தாலும் அவருக்குத்தான். யூனிபோர்ம் போட்ட ஒரு ஆளைக் கண்டதும் அப்பாவின் மனம் அங்கே போய்விட்டது, பெடியளை ஒன்றும் செய்யாமல் விடட்டும், வருவது என் தலையில் வரட்டும் என்று முன்னுக்குப் போய் நின்றார். எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது, அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நீயும் அவரைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தாய், அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தீர்கள், செய்துவிட்டு நாலு வருடம் கதையாமல் இருக்கிறீர்கள், எனக்கு இதைவிட வேறு ஆற்றாமை இல்லை. அவருக்குத் தண்டம் ஒரு பொருட்டே இல்லை. நித்தி அங்கிளுக்கும் மருமகனுக்கும் முன்னால் தன் மகனே தனக்கு விளங்காது என்று சொல்லிவிட்டான் என்பதுதான் தைத்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும், எனக்கு விளங்காதெண்டு சொல்லுறவனுக்கு இந்த வீட்டில என்ன வேலை என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நீயும் இரண்டு மாதத்தில் கனடாவில் வேலை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கக் கூடாது. உன்னை அனுப்ப வந்த அன்றைக்கு அவர் விமான நிலையத்துக் கார் தரிப்பிடத்திலேயே இருந்துவிட்டார், நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாய்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நீ போய் அடுத்த சித்திரையில் இங்கே இலையுதிர் காலம் வந்தபோது அப்பா கடைக்குப் போய் நாலு வாளி வாங்கி வந்தார், இனி அவரவர் மீன் அவரவர் வாளியில் என்று. தனக்கு நீலம், நித்தி அங்கிளுக்குச் சிவப்பு, அத்தானுக்குப் பச்சை, பிறகு ஒரு மஞ்சள். மூன்று பேருக்கு ஏன் நாலு என்று கேட்டேன், கடையில நாலு நாலாத்தான் விக்கிறாங்கள் என்றார். நான் அடுத்த நாளே போய்ப் பார்த்தேன், ஒவ்வொன்றாகத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பொய் சொல்லவும் தெரியாத மனிசன். மூன்று வருடமாக அந்த மஞ்சள் வாளி எங்களோடு ஆற்றுக்கு வந்தது, அதற்குள் என் வெங்காயமும் தேத்தண்ணிப் போத்தலும். போன தை மாதம் நீ பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிற படம் அனுப்பினாயே, அதை நான் குளிக்கப் போன நேரம் எடுத்துக் கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். வந்து பார்த்தால் போன் முழுக்க உன்னுடைய கையுறை மட்டும் தெரிகிறது. பிறகு சாப்பிடும்போது யாரிடமோ சொல்வது போல, நூலை இப்பிடித் தொய்ய விட்டா மீன் கொத்திறது எப்பிடித் தெரியும் என்றார். நான் அவர் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.

இந்த வருட அன்சாக் விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேர், நானும் அப்பாவும், அக்கா, அத்தான், நித்தி அங்கிள், அவருடைய மனிசி யோகா அன்ரி. வெள்ளி மதியம் புறப்பட்டு யே என்கிற ஊரில் நின்று பேஸ்ட்ரி சாப்பிட்டு, மான்ஸ்பீல்ட் தாண்டிப் பொழுது சாயப் போய்ச் சேர்ந்தோம், அதே மரவீடுதான், நீ படுக்கிற மேல்கட்டிலில் பைகளை ஏற்றி வைத்தோம். சனி விடிய எழும்பினால் ஆறு இருப்பதே தெரியாத அளவுக்குப் பனிப்புகார், சத்தம் மட்டும் கேட்கிறது. வெயில் ஏற ஏற முதலில் அந்தப் பக்கத்து மஞ்சள் மரங்கள் தெரிந்தன, பிறகு கல், பிறகு தண்ணீர். இலை விழுந்து தண்ணீரில் சுற்றிச் சுற்றிப் போகிறது, ஒரு மனித வாடை இல்லை. இந்த இடத்தில் நீ எத்தனை வயதில் வழுக்கி விழுந்தாய், எந்தக் கல்லில் உன் சப்பாத்தைக் காயப் போட்டோம், எல்லாம் எனக்குத் தெரிகிறது. எல்லாம் இருக்கிறது, நீ மட்டும் இல்லை. நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு அழுதேன், யோகா அன்ரி கண்டும் காணாதது போலத் தேங்காய்ப்பூவை என் பக்கம் தள்ளிவிட்டார், நல்ல மனிசி. நித்தி அங்கிளுக்குச் சனிக்கிழமை சைவம், மீன் வாயில் வைக்க மாட்டார், ஆனால் பிடிப்பதற்குத் தோசம் இல்லையாம். அங்கிள், இது எந்தப் புராணத்தில இருக்கு என்று அக்கா கேட்டாள். பிள்ளை, நான் பிடிக்கேல்ல, அது தானா வந்து கொழுவுது, நான் என்ன செய்ய என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அந்த நேரம் அப்பா கார் பக்கம் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் தன்னுடைய தூண்டில், மற்றக் கையில் உன்னுடைய பச்சைத் தூண்டில். நாலு வருடமாக அது கார் டிக்கியின் அடியில், விரிப்புக்குக் கீழே கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாது. நூல் புதிது, அவர் எப்போது மாற்றினார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு ஆள் இரண்டு தூண்டில் போடலாம், அதில் பிழை இல்லை. பிறகு என்னிடம் வந்து மஞ்சள் வாளியை எடுத்து வெங்காயத்தை என் பாயில் கொட்டினார். என்ன மனிசன் நீங்கள், மண்ணெல்லாம் ஒட்டுது என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. வாளியை ஆற்றில் அலம்பி, தண்ணீர் எடுத்து, தன்னுடைய நீல வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தான் என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். தன் தூண்டிலில் பட்ட மீன் நீலத்துக்குள் போனது, பச்சைத் தூண்டிலில் பட்டது மஞ்சளுக்குள் போனது. பத்து மணிக்குள் நீலத்தில் மூன்று, மஞ்சளில் இரண்டு. மொத்தம் ஐந்து மீன் ஆனதும் இரண்டு நூலையும் சுருட்டிவிட்டார், நித்தி அங்கிள் இன்னும் கொத்துது ஞானம், போடு போடு என்று அப்பாவைக் கூப்பிட்டும் அவர் போடவில்லை.

அப்போதுதான் அதிகாரி வந்தார். அந்தப் பிள்ளை இல்லை, இது தாடி வைத்த ஒரு உயரமான பெடியன். நித்தி அங்கிளின் லைசென்சைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், அத்தானிடம் போனார், கடைசியில் அப்பாவிடம் வந்து இரண்டு வாளியையும் காட்டி இவை உங்களுடையதா என்று கேட்டார். அப்பா நீல வாளியைக் காட்டி, திஸ் த்ரீ மைன் என்றார். பிறகு மஞ்சளைக் காட்டி, தட் டூ, மை சன் என்றார். ஐயோ இந்த மனிசன் திரும்பவும் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். அந்தப் பெடியன் சுற்றிவரப் பார்த்துவிட்டு, உங்கள் மகன் எங்கே என்று கேட்டார். அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டு கனடா என்றார். அத்தான் ஏதோ விளக்கம் சொல்ல ஒரு அடி எடுத்து வைத்தார், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்தப் பெடியன் குனிந்து மூன்றையும் இரண்டையும் எண்ணினார், பச்சைத் தூண்டிலைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஐந்துதானே, குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல மீன், உங்கள் மகனிடம் சொல்லுங்கள் என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டு நடந்தார். எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, அவருக்கும் ஒரு செபமாலை சொல்லியிருக்கிறேன்.

மற்றவர்கள் சாப்பிட வந்துவிட்டார்கள், அப்பா மட்டும் வரவில்லை. கோப்பையில் புட்டும் சம்பலும் போட்டுக்கொண்டு போனேன். கல்லில் இருந்து மஞ்சள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தேன். அழுகிறார் தம்பி. நாற்பது வருடம் இந்த மனிசனோடு வாழ்ந்திருக்கிறேன், தன் தகப்பன் செத்தபோது கூட நான் காண அழாதவர். என்னப்பா என்று கேட்டேன். அவன் அண்டைக்குச் சரியாத்தான் சொன்னவன் பற்றிமா என்றார். எனக்கு விளங்கேல்லத்தான். அவள் கேட்டது விளங்கினது, அவன் ஏன் ஓடி வந்தவன் எண்டு விளங்கேல்ல. இதைச் சொல்லிவிட்டுக் கோப்பையை வாங்கிச் சாப்பிட்டார், உப்புக் குறைவு என்று குறையும் சொன்னார். நான் அவருடைய வார்த்தையை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதியிருக்கிறேன்.

நீல வாளி மீனை அங்கேயே பொரித்தோம். எனக்கு ட்ரவுட் பிடிக்காது என்று உனக்குத் தெரியும், கடல் மீன் தின்ற நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும். உன்னுடைய இரண்டையும் தொட விடவில்லை, தானே கழுவி, பையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கராஜ் பிரீசருக்குள் வைத்தார். நேற்றைக்கு இறைச்சி எடுக்கப் போன இடத்தில் அந்தப் பை தட்டுப்பட்டது, சரி பழசாகப் போகுதே, சொதி வைக்கட்டோ என்று கேட்டேன். வேண்டாம், அதில கை வைக்காத, ஜூன் வரைக்கும் ஒண்டும் ஆகாது என்றார். சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அவசரமாகக் காரைத் துடைக்கப் போய்விட்டார். துடைத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகாத கார். றொகான், ஜூன் என்று நான் அவரிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. இந்தப் பாழ்பட்ட போனின் சத்தத்தில் உள்ளி உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

ஆகையால் டிக்கெட்டைப் போடு. வந்ததும் அவர் கட்டிப்பிடிப்பார், மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே, மீன் பற்றித்தான் முதல் கதை வரும், நூலைத் தொய்ய விடுகிறாய் என்று ஏசுவார், நீ ஓம் அப்பா என்று மட்டும் சொல்லு. தடித்த உடுப்பு கொண்டு வா, உனக்கு இந்தக் குளிர் குளிரே இல்லை என்று பெருமை அடிக்காதே. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, வெளியில் போகும்போது காதை மூடிக்கொள். மடு மாதா உன் முன்னுக்கு நடக்கட்டும், அந்தோனியார் உன் பின்னுக்கு நடக்கட்டும், நடுவில் நீ ஒரு குறையும் இல்லாமல் எங்களிடம் வந்து சேர வேண்டும். முக்கியமான ஒன்றை மறந்துவிடாதே, உன் மீன்பிடி லைசென்ஸ் முடிந்திருக்கும், புதிதாக எடு. ஜூன் இரண்டாம் திங்கள் வருகிற அரசர் பிறந்தநாள் விடுமுறையோடு ஆற்றில் ட்ரவுட் பிடிப்பதை நிறுத்திவிடுவார்கள், பிறகு செப்டெம்பர்தான். அந்தத் திகதியை அப்பா குசினிக் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே இப்போதுதான் கண்டேன்.

உன்னைப் பார்க்கத் தவித்துக்கொண்டிருக்கும்
அம்மா
பற்றிமா ஞானேந்திரன்